பங்காளி வீட்டு அபராதம்

பெட்டியைப் பிரித்தபோது அங்கே இருந்தவர்கள் இவர்கள்: நொச்சிக்குட்டை பெரிய வீட்டுக் கொளஞ்சியப்பன், அவர் மனைவி ராணியம்மாள், சிங்கப்பூரிலிருந்து பெட்டியைச் சுமந்து வந்த ராணியம்மாளின் தம்பி வேடியப்பன், பக்கத்து வீட்டுப் பங்காளி மாயவன், மாயவன் மனைவி ஆயம்மாள், அம்மன் கோயில் பூசாரி. பூசாரியை யாரும் அழைக்கவில்லை. ஊரில் எந்த வீட்டில் எந்தப் பெட்டியைப் பிரித்தாலும் அவர் வந்துவிடுவார்.

உள்ளே இருந்தது ஒரு பானை. வெள்ளை நிறம், கண்ணாடி மூடி, வயிற்றில் ஒரு சிவப்பு விளக்கு.

"இது இன்னாடா வேடியப்பா?" என்றார் கொளஞ்சியப்பன்.

"கரண்ட்டுல சோறு ஆக்கற பானை மாமா. அரிசியும் தண்ணியும் போட்டு சுவிட்ச்சத் தட்டினா அதுவே வெந்து அதுவே நின்னுக்கும்."

ராணியம்மாள் முகம் மலர்ந்தது. அவள் தாய்வீட்டுச் சீர் அல்லவா? ஆனால் மாயவன் பானையைப் பார்க்கவில்லை. பெட்டியின் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதில் வெள்ளைச் சாக்பீஸால் பெரிதாக ஒரு பெருக்கல் குறி போட்டிருந்தது.

"இது இன்னா குறி?"

வேடியப்பன் நல்ல சேதி சொல்வதுபோலச் சொன்னான். "ஏர்போர்ட்டுல சுங்கத்துக்காரங்க போட்டது. தொறந்துகூடப் பாக்கல. 'சோத்துப் பானையா, போ போ'ன்னுட்டு ஒரு கோடு இப்பிடி, ஒரு கோடு அப்பிடி. ஒத்த பைசா கேக்கல."

மாயவன் அட்டையை மெதுவாகக் கீழே வைத்தார்.

"வுடுண்ணே. எல்லா சாமானுக்குமா வரி போடுவான்? சாமானுக்கும் ஒரு தகுதி வேணும்ல."

"ஏழப்பட்டவங்க சாமானுக்குக் கேக்க மாட்டாங்களாம் அக்கா" என்று ஆயம்மாள் ராணியம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அவங்களுக்கும் மனசு இருக்கில்ல."

அந்தக் கை அவ்வளவு ஆறுதலாகப் பிடித்ததுதான் ராணியம்மாளுக்குத் தாங்கவில்லை.

மாயவன் வீட்டுக் கதையைச் சொன்னால்தான் இது விளங்கும். முந்தின வருஷம் அவர் மகன் இளவரசன் சிங்கப்பூரிலிருந்து ஒரு கலர் டிவி கொண்டுவந்திருந்தான். விமான நிலையத்தில் அதற்குச் சுங்கம் போட்டார்கள். டிவியை வண்டியிலிருந்து இறக்க நாலு பேர் வேண்டியிருந்தது. கொளஞ்சியப்பனும் ஒரு கை பிடித்தார். அப்படிப் பிடித்ததை அன்று சாயங்காலமே மறக்க முயன்றார். மேற்கே கல்வராயன் மலை நிற்பதால் அந்த டிவியில் படம் எதுவும் வந்ததில்லை. பொரி பொரிவதுபோல வெள்ளைப் புள்ளிகள் மட்டும் துள்ளும். ஆனாலும் ஊர் கூடி உட்கார்ந்து அதைப் பார்த்தது. பூசாரிக்குத் தினமும் அங்கே காப்பி.

டிவி கிடக்கட்டும், அது கெட்டுப்போகும் பொருள். கெடாத பொருள் ஒன்று அந்த வீட்டுச் சுவரில் தொங்கியது. சுங்கம் கட்டிய ரசீதை மாயவன் கண்ணாடிச் சட்டம் போட்டு, முருகன் படத்துக்குப் பக்கத்தில் மாட்டி, முருகனுக்குச் சூட்டும் சரத்திலேயே ஒரு முழம் அதற்கும் சூட்டிவந்தார். கல்யாண வீட்டில், சாவு வீட்டில், பால் சொசைட்டியில் என்று எங்கே பேசினாலும் "நாங்க மத்திய அரசுக்கே கட்டினவங்க" என்றுதான் ஆரம்பிப்பார். தொகை எவ்வளவு என்று சொல்லமாட்டார். நாமும் சொல்ல வேண்டியதில்லை. ஒரு வீட்டு வரியை இன்னொரு வீட்டில் பேசுவது மரியாதை அல்ல.

கொளஞ்சியப்பனுக்குப் பொறாமை என்று யாரும் நினைக்கக்கூடாது. பெரிய வீட்டில் பிறந்தவர்களுக்குப் பொறாமை வருவதில்லை. பங்காளி வீட்டில் விளக்கு எரிந்தால் கண் கூசும், அவ்வளவுதான். அந்தச் சட்டம் அவருடைய கிணற்றடியிலிருந்து பார்த்தால் ஜன்னல் வழியே தெரியும். அதனால் அவர் குளிக்கும் நேரம் வருஷம் முழுவதும் நீண்டுகொண்டே போனது.

கண் கூசியதோடு போயிருந்தால் பரவாயில்லை. ஊர்க் கூழ்த் திருவிழாவில் பூசாரி அம்மன் பாதத்திலிருந்து துணியை எடுத்துத் தலையில் கட்டும் முதல் பரிவட்டம் பெரிய வீட்டுக்கு உரியது. பாட்டன் வழியில் மூத்தவன் பிள்ளைகள் இவர்கள். இளையவன் பிள்ளைகள் மாயவன் வகையறா. இரண்டாம் பரிவட்டம் அவர்களுக்கு. இது கேள்வி கேட்கப்படாத முறையாக இருந்தது. பெட்டியைப் பிரித்த அன்று வாசல்படி இறங்கும்போது பூசாரி தலையைச் சொறிந்துகொண்டு ஒரு வார்த்தை விட்டார்.

"முறைன்னு பாத்தா பெரிய வூடுதான். ஆனா ஒரு பக்கம் கவர்மெண்ட்டே கைநீட்டி வாங்கின வூடு, ஒரு பக்கம் கவர்மெண்ட்டே வாணான்னு சொன்ன வூடு. அம்மன் மனசுல இன்னா இருக்குதோ."

இட ஒதுக்கீடு கேட்டு ஊர் ஊராகக் கூட்டமும் மறியலும் நடந்துகொண்டிருந்த வருஷங்கள் அவை. எல்லாரும் தங்களுக்கு வரவேண்டியதை அரசாங்கத்திடம் கேட்டுக்கொண்டிருந்தார்கள். தன்னிடமிருந்து போகவேண்டியதை எடுத்துக்கொள்ளச் சொல்லிக் கேட்டுப் புறப்பட்டவர் கொளஞ்சியப்பன் ஒருவர்தான்.

பானையைத் துண்டில் கட்டிக்கொண்டு அவர் கள்ளக்குறிச்சிக்கு பஸ் ஏறினார். அங்கே ஓர் உரக்கடைக்கு மேல் மாடியில் 'உள்நாட்டுச் சுங்கக் கண்காணிப்புத் துணைப்பிரிவு' இருந்தது. பலகையில் ஒரு கப்பலும் நங்கூரமும் வரைந்திருந்தார்கள். கள்ளக்குறிச்சியில் கடல் இல்லை. இதைப் பற்றிக் கேட்டவர்களுக்கு, கடலோர ஊர்களில் வாடகை ஜாஸ்தி என்று விளக்கம் தரப்பட்டது. கப்பல் பார்க்கக் கொடுத்த தொலைநோக்கியால் கண்காணிப்பாளர் கவியரசன் நாள் முழுக்கக் கல்வராயன் மலையைப் பார்த்துக்கொண்டிருப்பார். பிரிவு திறந்த நாளிலிருந்து அங்கே படியேறி வந்த முதல் மனிதர் கொளஞ்சியப்பன். கண்காணிப்பாளர் தொலைநோக்கியைக் கீழே வைக்காமல் அதிலேயே அவரைப் பார்த்தார்.

"இதுக்கு வரி போடணுங்க" என்று பானையை மேசைமேல் வைத்தார் கொளஞ்சியப்பன்.

"ஏற்கெனவே வரி இல்லைன்னு விட்டாச்சே. குறி போட்டிருக்கே."

"அதான் தப்புங்க. போட்டுக்குடுங்க. நான் சந்தோசமா கட்டிட்டுப் போறேன்."

கண்காணிப்பாளர் நாற்காலியில் சாய்ந்தார். அலுவலகத்தில் இருந்த இன்னொருவரான பியூன் பாவாடை, சொற்பொழிவு வரப்போகிறது என்று தெரிந்து நின்றபடியே கண்ணை மூடிக்கொண்டான்.

"பெரியவரே, வரியோட தத்துவம் உங்களுக்குப் புரியலை. சந்தோஷமா கொடுத்தா அது வரி இல்லை, நன்கொடை. நன்கொடை வாங்க எங்களுக்கு அதிகாரம் இல்லை. கொடுக்க மனசில்லாதவன்கிட்ட எடுத்தாத்தான் அது வரி. அவன் வயிறு எரியணும். அந்த எரிச்சல்தான் இந்தத் துறையோட அஸ்திவாரம். நாட்டுல எல்லாரும் உங்களை மாதிரி சிரிச்சுக்கிட்டே கட்ட வந்தா நாங்க எதுக்கு? இந்த மாடி எதுக்கு? கொஞ்சம் மனக்கஷ்டத்தோட வாங்க, பார்ப்போம்."

கொளஞ்சியப்பனுக்கு மனக்கஷ்டம் இருந்தது. ஆனால் அது பங்காளியைப் பற்றியது. துறை கேட்ட வகை வேறு. வீட்டுக்கு வந்து யோசித்தார். மறுநாள் பானையைக் கம்பளியில் சுற்றி, வேட்டி மடிப்புக்குள் இடுக்கிக்கொண்டு, திருடன்போல முகத்தை வைத்துக்கொண்டு உரக்கடை முன்னால் அப்படியும் இப்படியும் நடந்தார். கடத்தல்காரன் என்று யாராவது பிடிப்பார்கள் என்று எதிர்பார்த்தார். மாடியிலிருந்து பாவாடை எட்டிப் பார்த்தான்.

"இன்னா பெரியவரே, சோத்துப் பானையா? எடுத்துக்கினு மேல வாங்க. வெயில்ல ஏன் நடந்துக்கினு கீறீங்க?"

அன்று கண்காணிப்பாளர் மனம் இறங்கிவந்தார். மறுமதிப்பீடு என்று ஒரு வழி உண்டாம். பொருள் வேலை செய்யும் நிலையில் உள்ளதா என்று துறை நேரில் சோதித்தறிய வேண்டும். அரிசி விண்ணப்பதாரருடையது, மின்சாரம் அரசாங்கத்துடையது. பானை ஒரு மூலையில் கொதித்தது. விளக்கு அணைந்ததும் கண்காணிப்பாளர் தட்டோடு வந்தார்.

"வெந்திருக்கு" என்றார். "ஆனா ஒரு தடவை வெந்ததை வைத்து ஒரு முடிவுக்கு வர முடியாது. அது யாரோ ஒரு தனிமனிதருக்குச் செய்யற சலுகை ஆயிடும்."

ஆகவே சோதனை தொடர்ந்தது. வெறும் சோற்றில் பானையின் உண்மையான தன்மை தெரியவில்லை என்பதால் குழம்பு கேட்கப்பட்டது. பச்சரிசி ஒரு நாள், புழுங்கலரிசி ஒரு நாள். வெளிநாட்டுப் பானை நம் நாட்டுத் தானியத்துக்கு விரோதமானதா என்று அறிய மலைச் சாமை வேண்டியிருந்தது. வேடியப்பன் வெள்ளிமலை வரை பஸ்ஸில் போய்ச் சாமை வாங்கிவந்தான். சாமையைத் தேன் இல்லாமல் சோதிப்பது முறையல்ல என்று தெரிந்ததும் திரும்பவும் மலை ஏறினான்.

கோழி கேட்ட அன்று ராணியம்மாள் வாசலில் நின்று சொன்னாள். "நல்லாருக்குதுங்க. வரி கட்டப் போற மனுசன் கோழியக் கட்டிக்கினு போறாரு. எந்தம்பி சிங்கப்பூர்லருந்து பானைய எனக்குக் குடுத்தானா, கள்ளக்குறிச்சி ஆபீசருக்குக் குடுத்தானா?"

"நீ சும்மா இரு. வூட்டு மானம்."

"மானம் மாடியில வேவுது. நான் இங்க அடுப்ப ஊதிக்கினு கீறேன்."

மாயவன் தன் ஜன்னலருகே ரசீதைத் துடைத்துக்கொண்டே கேட்டார். "இன்னாண்ணே, இன்னும் வாங்கிக்க மாட்டேன்றாங்களா? நான் வேணா ஒரு வார்த்த சொல்லட்டா? நமக்குத் தெரிஞ்ச டிபார்ட்மெண்ட்டுதான்."

கொளஞ்சியப்பன் அன்று கிணற்றடியில் குளிக்காமலே திரும்பினார்.

கூழ்த் திருவிழாவுக்கு நாள் குறித்து ஊருக்குச் சாட்டுதல் ஆன பிறகுதான் முடிவு சொன்னார்கள். கண்காணிப்பாளர் எழுந்து நின்று படித்தார். "மேற்படி பொருள் நீண்டகால உபயோகத்தால் அடிப்பிடித்தும், மூடி கீறியும், கைப்பிடி தளர்ந்தும் காணப்படுகிறது. எனவே இது பழைய பாத்திரம். பழைய பாத்திரத்துக்குச் சுங்கம் கிடையாது."

"உபயோகிச்சது நீங்கதானேங்க?"

"அதனாலதான் இவ்வளவு உறுதியா சொல்ல முடியுது" என்றார் கவியரசன், ஏப்பத்தை அடக்கிக்கொண்டு. பிறகு சாக்பீஸ் எடுத்துப் பானையின் வயிற்றிலேயே ஒரு கோடு இப்படி, ஒரு கோடு அப்படிப் போட்டார். முன்பு அட்டையில்தான் இருந்தது, இப்போது பானையிலேயே ஏறிவிட்டது.

பெரிய வீட்டு மனிதர் யாரையும் காட்டிக்கொடுத்ததில்லை. பங்காளியைக் காட்டிக்கொடுப்பது ஏழு தலைமுறைக்கு ஆகாது என்றும் அவருக்குத் தெரியும். ஆனால் அந்தக் குறியைப் பார்த்தபோது நாக்கு அவரைக் கேட்காமல் நகர்ந்தது.

"அப்ப மாயவன் வூட்டு டிவிக்கு மட்டும் எப்பிடிங்க போட்டாங்க? அதுலயும் கம்மியாத்தான் போட்டிருக்காங்க. சின்ன டிவின்னு எழுதிக் குடுத்துட்டான் அந்தப் பையன். அது சின்னது இல்லிங்க. எறக்கும்போது நானே ஒரு கை புடிச்சேன். எங்கைக்குத் தெரியாதா?"

கண்காணிப்பாளர் உட்கார்ந்தார். தொலைநோக்கியை எடுத்துத் துடைத்தார். "ஊர் எதுன்னு சொன்னீங்க?"

பஸ்ஸில் திரும்பும்போது பானை மடியில் இலேசாக இருந்தது. டிவியைத் தூக்கிக்கொண்டு போவார்கள், சட்டத்தைக் கழற்றுவார்கள், சுவரில் வெறும் ஆணி நிற்கும். அந்த ஆணியைக் கிணற்றடியிலிருந்து பார்ப்பதாக நினைத்தபோது, ரொம்ப நாளைக்குப் பிறகு அவருக்குப் பசித்தது.

திருவிழா அன்று காலை ஜீப் வந்தது. அன்றுதான் அந்தப் பக்கத்தில் மறியலும் ஆரம்பித்திருந்தது. ஜீப் ஊருக்குள் நுழைந்த கையோடு பின்னால் சாலையை மறித்து ஒரு புளியமரத்தை வெட்டிச் சாய்த்தார்கள். சாய்த்த மரத்தின்மேல் உட்கார்ந்த இளைஞர்கள் மரியாதையாகவே கேட்டார்கள். "நாங்க எங்க பங்கக் கேட்டு உக்காந்துக்கினு கீறோம். நீங்க இன்னா சார், எங்க ஊருல பங்கு எடுக்க வந்தீங்களா?" கவியரசன், தாம் வேறு துறை என்று சொல்லிவிட்டுக் கோயிலடிக்கு நடந்தார். பாவாடை அளவு நாடாவோடு பின்னால் வந்தான்.

மாயவன் வீட்டு டிவியை வெளியே எடுத்துக் கோயில் முன் ஒரு கட்டிலில் வைத்தார்கள். கூழ்க் குடம் சுமந்து வந்த பெண்கள் குடத்தை இறக்காமல் நின்று பார்த்தார்கள். பாவாடை திரையை மூலைக்கு மூலை அளந்து அளவைச் சொன்னான். கண்காணிப்பாளர் ரசீதைச் சட்டத்தோடு வாங்கிப் பார்த்தார். கண்ணாடியைத் தட்டினார். உரக்க அறிவித்தார்.

"அளவு குறைத்துக் காட்டப்பட்டுள்ளது. கூடுதல் சுங்கமும் அபராதமும் விதிக்கிறேன். பொதுமக்களே, இந்தத் துணைப்பிரிவு தோன்றியதிலிருந்து நாங்கள் விதிக்கும் முதல் அபராதம் இது. இதுக்காக நாங்க எவ்வளவு காலம் காத்திருந்தோம்னு உங்களுக்குத் தெரியாது. தவறு செய்ய ஒரு மனிதர் இல்லாமல் ஓர் அலுவலகம் படற வேதனை அனுபவிச்சவங்களுக்குத்தான் தெரியும். திரு. மாயவன் அவர்கள் அந்தக் குறையைத் தீர்த்து வைத்தார். துறை சார்பில் அவருக்கு நன்றி."

மாயவன் முகம் முதலில் வெளுத்தது. ஆனால் நன்றி என்ற சொல் கேட்டதும், அம்மனுக்காக வந்திருந்த மேளக்காரர்கள் அது தங்களுக்கான சைகை என்று எடுத்துக்கொண்டு அடித்தார்கள். மேளம் ஏற ஏற மாயவன் முதுகு நிமிர்ந்தது. ஆயம்மாள் உள்ளே ஓடி ஆரத்தித் தட்டோடு வந்தாள்.

"ஒரு தடவ கட்டினதுக்கே ஊரு கண்ணு பட்டுச்சு" என்று சுற்றினாள். "இப்ப ரெண்டாந்தடவ. அதுவும் ஆபீசரே வூடு தேடி வந்து கேக்கறாரு."

"இன்னொரு சட்டம் போடணும்" என்றார் மாயவன், யாரிடமும் அல்லாமல்.

பூசாரி அம்மன் பாதத்திலிருந்து முதல் பரிவட்டத்தை எடுத்துவிட்டார். அவர் கால் மாயவன் பக்கம் ஓர் அடி வைத்தது. ஊரே அதைப் பார்த்தது. கொளஞ்சியப்பனும் பார்த்தார். ஆணி மட்டும் நிற்கும் என்று நினைத்த சுவரில் இரண்டு சட்டங்கள் தொங்குவது அவருக்குத் தெரிந்தது.

"நில்லுங்க பூசாரி" என்று நடுவில் வந்தார். "மாயவா, நாம பங்காளிங்களா இல்லியா?"

"ஆமாண்ணே. அதுக்கின்னா?"

"ஒன் வூட்டுல சாவுன்னா எனக்குத் தீட்டு. என் வூட்டுல பொறப்புன்னா ஒனக்குத் தீட்டு. கெணத்துத் தண்ணி பாதி பாதி. பாட்டன் நெலம் பாதி பாதி. அபராதம் மட்டும் ஒனக்கே முழுசா? பாதி எங்க பங்கு. எடு."

கூட்டத்தில் ஒரு முனகல் எழுந்தது. கேட்டது நியாயம்தான் என்று வயதானவர்கள் தலையாட்டினார்கள்.

"அது எப்பிடிண்ணே? டிவி எம்புள்ள சம்பாதிச்சது. அபராதம் நாங்க சம்பாதிச்சது. பாட்டன் சொத்துலதான் பங்கு. சுயசம்பாத்தியத்துல கெடையாது."

சட்டப்படி இது வலுவான வாதம். எல்லாரும் கண்காணிப்பாளரைப் பார்த்தார்கள். அவர் அபராதம் கட்டப் போட்டி நடக்கும் ஊரைத் தம் பணிக்காலத்தில் கண்டதில்லை. 

"குற்றத்துல பங்கு இருந்தா அபராதத்துல பங்கு உண்டு. குற்றத்துல பங்கு உண்டா பெரியவரே?"

"ஏங்க, வாணாங்க" என்றாள் ராணியம்மாள் பின்னாலிருந்து. "செய்யாத குத்தத்த ஒத்துக்கறதா மானம்? வூட்டுக்கு வாங்க."

கொளஞ்சியப்பன் திரும்பவில்லை. பெரிய வீட்டில் பிறந்து, ஒரு வழக்கிலும் சாட்சிக்குக்கூடப் போகாதவர், நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார்.

"உண்டுங்க. எறக்கும்போது ஒரு கை புடிச்சேன். அத நானே உங்ககிட்ட வந்து சொல்லியும் கீறேன்."

மாயவன் அப்போதுதான் தலையைத் திருப்பினார். யார் போய்ச் சொன்னது என்று அதுவரை அவர் யோசிக்கவில்லை. பெருமையில் அது விட்டுப்போயிருந்தது. மெதுவாகக் கேட்டார்.

"நீதான் சொன்னியாண்ணே? அப்ப இந்த அபராதம் ஒன்னாலதான் வந்துச்சா?"

அந்தக் குரலில் கோபம் இல்லை. தன் பெருமைக்குப் பங்காளியே காரணம் என்று தெரிந்தவனின் வயிற்றெரிச்சல் அதில் இருந்தது. அப்படிப்பட்ட எரிச்சலைத்தான் துறை தன் அஸ்திவாரம் என்று சொன்னது. கொளஞ்சியப்பன் வாழ்நாளில் அவ்வளவு இனிமையான குரலைக் கேட்டதில்லை.

கண்காணிப்பாளர் இருவர் பேரிலும் சரிபாதியாக விதித்தார். இப்போது இரண்டு வீடும் சமம். பூசாரி துணியோடு நடுவில் நின்றார். இந்தப் பக்கம் ஓர் அடி வைத்தார், அந்தப் பக்கம் ஓர் அடி வைத்தார். கூழ் ஆறிக்கொண்டிருந்தது. பெண்களுக்குத் தலை வலித்தது. கடைசியில் பூசாரி, அபராதம் கட்டுகிற இருவரையும் பார்த்தார். இருவரும் யாரிடம் கட்டுகிறார்கள் என்று பார்த்தார். அம்மன் மனதில் இருந்தது அவருக்கு விளங்கிவிட்டது. முதல் பரிவட்டத்தைக் கவியரசன் தலையில் கட்டினார்.

கவியரசன் தலை குனிந்து ஏற்றுக்கொண்டார். பிறகு துணியின் முனையைத் தடவிப் பார்த்து, "இது உள்நாட்டுத் துணிதானே?" என்று கேட்டார்.

மரத்தை அகற்றும்வரை அவர் பெரிய வீட்டில்தான் தங்கினார். மின்கம்பி மேல் மரம் விழுந்திருந்ததால் கரண்ட் பானை வேலை செய்யவில்லை. ராணியம்மாள் மண்பானையில் ஆக்கிப் போட்டாள். அதையும் மறுமதிப்பீடு செய்யலாமா என்று அவர் கேட்டபோது, அவள் குழம்புக் கரண்டியைத் தட்டின் மேலேயே நிறுத்திவிட்டாள். அவர் வெறும் சோற்றோடு எழுந்தார்.

அன்று முதல் நொச்சிக்குட்டையில் முதல் பரிவட்டம் சுங்கக் கண்காணிப்பாளருக்கு. அந்தப் பதவி காலியாக இருக்கும் வருஷத்தில் பாவாடைக்கு. பெரிய வீட்டாரும் மாயவன் வீட்டாரும் இரண்டாம் பரிவட்டத்துக்காக அருகருகே நிற்கிறார்கள். இரண்டு வீட்டுச் சுவரிலும் ஒவ்வொரு சட்டம் புதிதாக ஏறியது. எந்தச் சட்டம் பெரியது என்று இன்னும் யாரும் அளக்கவில்லை, அளவு நாடா அரசாங்கத்திடம் இருப்பதால்.

கொளஞ்சியப்பன் வயிற்றெரிச்சல் தாங்காமல் மாயவனின் அபராதம் முழுவதையும் தானே கட்டிவிட்டார் என்று ஊரில் ஒரு பேச்சு உலவுகிறது. அது தவறு. அவர் பாதிதான் கட்டினார். மீதிப் பாதியை மாயவன் விட்டுக்கொடுக்கவில்லை.